மறுபுறம் பார்க்காதவர்கள்

அந்த மாலைக் கல்லூரியில் அவளுக்குப் பட்டப்பெயர் ‘திருப்பாதீங்க மிஸ்’. யார் வைத்தது என்று இப்போது படிப்பவர்களுக்குத் தெரியாது. பெயர் மட்டும் ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது. அவள் காதிலும் விழுந்திருக்கிறது. “நல்லாத்தான் இருக்கு” என்றாளாம்.

பகலில் அந்தக் கட்டடம் சிறுமிகள் படிக்கும் பள்ளி. சாயங்காலம் சிறுமிகள் போனதும் கல்லூரி. பெஞ்சுகளெல்லாம் பத்து வயது உடம்புக்குச் செய்தவை. அவற்றில் பஸ் கண்டக்டரும் ஆஸ்பத்திரி நர்சும் டெய்லரும் முட்டி இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் யாரோ ஒரு டீச்சர் பாதிக் கணக்கைப் போட்டு, பக்கத்தில் ‘அழிக்க வேண்டாம்’ என்று எழுதிவிட்டுப் போயிருப்பார். மற்ற ஆசிரியர்கள் யோசிக்காமல் அழித்துவிடுவார்கள். அவள் அழித்ததே இல்லை. மீந்த மூலையில் பொடி எழுத்தில் எழுதுவாள். பின்வரிசைக்காரர்கள் எழுந்து வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

மாணவர்களில் பாதிப் பேர் அவளைவிட மூத்தவர்கள். பட்டம் இருந்தால் வேலையில் ஒரு படி மேலே போகலாம் என்று வந்தவர்கள். அவர்களுடைய ஷிப்டெல்லாம் அவளுக்கு மனப்பாடம். கண்டக்டருக்கு வண்டி தாமதமானால் முதல் கால் மணி நேரம் வேறு ஏதாவது பேசிக்கொண்டிருப்பாள். குழந்தைகள் வார்டில் வேலை பார்த்த நர்சை எல்லோரும் ‘சிஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிஸ்டர் ஒரு வகுப்பைத் தவறவிட்டால், அடுத்த நாள் மாடிப்படியில் நின்று அவருக்கு மட்டும் அந்தப் பாடத்தை முழுசாகச் சொல்வாள். அவர் கையில் பிஸ்கட்டோடு கேட்டுக்கொண்டிருப்பார்.

அவள் வாழ்க்கையில் சொல்லும்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை. அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி எல்லோரும் நன்றாக இருந்தார்கள். மாடி அறை அவளுக்கு. மின்கட்டணம்கூட அவள் கட்டியதில்லை, அண்ணன் கட்டிவிடுவார். “இவளை ஒரு நாள் காய்கறி வாங்க அனுப்பிப் பாருங்க, கடைக்காரனுக்கு அன்னைக்குத் தீபாவளி” என்று அண்ணி கிண்டல் செய்வாள். கண்டக்டரின் கணிப்பு வேறு: “நம்ம மிஸ் பெரிய சண்டையெல்லாம் புஸ்தகத்துலதான் பார்த்திருப்பாங்க.”

அவள் நடத்தியது கவிதைத் தாள். இயற்கையையும் குழந்தைமையையும் பாடிய பழைய ஆங்கிலக் கவிஞர்கள். அவர்களில் ஒரு கவிஞன் ஒரே விஷயத்தை இரண்டு முறை பாடியிருந்தான்: முதலில் ஒன்றும் அறியாத வாயால், பிறகு சூடுபட்ட வாயால். அந்த இரண்டு பாட்டுகளையும் அவள் சொந்தச் செலவில் ஒரே தாளின் இரண்டு பக்கங்களிலும் நகலெடுத்து ஆளுக்கு ஒன்று கொடுப்பாள். முன்பக்கத்தில் ஒரு சிறுவன். அவன் அப்பா தெருவிளக்கு ஏற்றுகிறவர். அவர் ஏணியில் ஏறி இறங்குகிறார், மேலே ஒரு நட்சத்திரம் வருகிறது. நட்சத்திரங்களை ஏற்றுவது அப்பாதான் என்று சிறுவன் நினைத்துக்கொள்கிறான். அவ்வளவுதான் பாட்டு.

“மறுபுறம் திருப்பாதீங்க. நான் சொல்ற வரைக்கும்” என்பாள்.

அந்த வரைக்கும் என்பது ஏறக்குறைய ஒரு மாதம். முன்பக்கத்தையே திரும்பத் திரும்ப நடத்துவாள். தாள் அவர்கள் பையிலேயே இருக்கும். மூடி ஒட்டிக் கொடுக்கலாமே என்று ஒருமுறை துறைத்தலைவர் கேட்டபோது, ஒட்டினால் அதில் என்ன இருக்கிறது என்றாளாம். கையில் இருந்தும் பார்க்காமலிருப்பதுதான் பாடம். ஒரு மாதம் அந்தச் சிறுவனாக இருந்து பார்க்க வேண்டும். பிறகு ஒரு நாள் “இப்பத் திருப்புங்க” என்று சொல்லிவிட்டு அவர்கள் முகங்களையே பார்த்துக்கொண்டு நிற்பாள். கண்கள் விரியும். யாராவது “ஐயோ” என்பார்கள். எல்லா வருடமும் அப்படித்தான் நடந்தது. அந்த ஒரு சாயங்காலத்துக்காகத்தான் தான் சம்பளம் வாங்குவதாக அண்ணியிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த வருடம் துறைத்தலைவருக்கு ஒரு யோசனை வந்தது. வேலை பார்க்கிறவர்களுக்குக் கவிதை எதற்கு, பேச்சு ஆங்கிலம் போதுமே. பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நிபுணர் வருவார், வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பார், அவர் சொன்னால் பாடத்திட்டத்திலிருந்து கவிதைத் தாளையே எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் அவளுக்குக் கவிதையே கிடையாது. அவள் அன்றைக்குச் சரியாகச் சாப்பிடவில்லை. அண்ணி கேட்டதற்கு, பல் வலி என்றாள்.

நிபுணர் வந்தது அந்த ஒரு மாதத்தின் நடுவில். பின்வரிசை பெஞ்சில் அவருக்கும் முட்டி இடித்தது. அவள் நன்றாகத்தான் நடத்தினாள். ஏணிக்கும் நட்சத்திரத்துக்கும் இடையில் சிறுவன் எங்கே நிற்கிறான் என்று கேட்டாள். டெய்லர், “கீழதான் மிஸ், அதனாலதான் ரெண்டும் ஒண்ணாத் தெரியுது” என்றார். நிபுணர் தலையாட்டினார். பிறகு எழுந்து, கண்டக்டரின் தாளைக் காட்டி, மறுபுறம் என்ன இருக்கிறது என்று கேட்டார்.

கண்டக்டர் எழுந்து நின்றார். “இன்னும் பார்க்கல சார்.”

“கையில வச்சுக்கிட்டா?”

“ஆமா சார்.”

நிபுணர் சிஸ்டரைக் கேட்டார். சிஸ்டரும் அதையே சொன்னார். வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். ஒருவர்கூடப் பார்த்ததாகச் சொல்லவில்லை. அந்தச் சிறுவன் பெரியவனானால் என்ன ஆவான் என்று நினைக்கிறீர்கள் என்று கடைசியாகக் கேட்டார். எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பெருமையாக நின்றுகொண்டிருந்தாள். தான் சொன்ன சொல்லை இத்தனை பேர் காப்பாற்றியிருக்கிறார்கள்.

மறுநாள் துறைத்தலைவர் கூப்பிட்டனுப்பினார். கையிலிருக்கும் தாளைத் திருப்பிப் பார்க்கிற ஆர்வம்கூட இல்லாதவர்கள், இவர்களுக்குக் கவிதை வீண் என்று நிபுணர் சொல்லிவிட்டாராம். இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆனால் எடுப்பேன் என்றார்.

அவள் நேராக வகுப்புக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். குரலில் வருத்தம்கூட இல்லை. அவர்களைத் தப்பாகப் புரிந்துகொண்டுவிட்டாரே என்றுதான் சொன்னாள். சிஸ்டர்தான் எழுந்தார்.

“மிஸ், நாங்க எல்லாரும் பார்த்துட்டோம். நீங்க குடுத்த அன்னைக்கே.”

அவளுக்குப் புரியவில்லை. சிஸ்டர் மறுபடியும் சொன்னார்.

“அப்ப ஏன் அவர்கிட்ட...”

“நீங்க நின்னுக்கிட்டு இருந்தீங்களே மிஸ். உங்க முன்னாடி எப்படிச் சொல்றது.”

மிச்சத்தைக் கண்டக்டர் சொன்னார். முந்தைய வருடக்காரர்கள் இவர்களிடம் சொல்லி அனுப்பியது. அவர்களுக்கு அதற்கு முந்தையவர்கள். மிஸ் திருப்பச் சொல்கிற நாளில் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள், ஏமாற்றிவிடாதீர்கள் என்று. “நான் வீட்டுல கண்ணாடி முன்னாடி ஒத்திகை பார்த்திருக்கேன் மிஸ். பொண்டாட்டி பயந்துட்டா.”

யாரும் சிரிக்கவில்லை. அவள் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தாள். வகுப்பில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. அத்தனை வருட முகங்களும் அவளுக்கு நினைவு வந்திருக்க வேண்டும். விரிந்த கண்கள், அந்த “ஐயோ”. யாராவது அழுதிருந்தால் அது மாணவர்களாகத்தான் இருக்கும், அவள் அழவில்லை. “அந்தப் பையனா இருக்க நீங்க எனக்குத்தான் ஒரு மாசம் குடுத்திருக்கீங்க” என்றாள். பிறகு தன் தாளை எடுத்துக்கொண்டு போய் சிஸ்டரிடம் கொடுத்தாள்.

“மறுபுறத்தை நான் வாசிச்சிருக்கேன், அவ்வளவுதான். நீங்க நடத்துங்க.”

சிஸ்டர் நடத்தினார். அந்தச் சிறுவன் வளர்ந்துவிட்டான். அப்பா ஏணியிலிருந்து விழுந்துவிட்டார். ஏணி இப்போது இவன் தோளில். காற்றில் திரி அணைந்து அணைந்து போகிறது. நட்சத்திரங்கள் எங்கேயோ தூரத்தில் இருக்கின்றன, இவனுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அங்கே பாட்டு முடிகிறது. இது துக்கப் பாட்டு என்றுதான் அவள் இத்தனை காலம் நடத்தியிருந்தாள். சிஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. “எல்லாம் தெரிஞ்சப்புறமும் ஏறுறான் மிஸ். எங்க வார்டுல ஒரு குழந்தை தவறுனாலும் மறுநாள் காலையில நாங்களும் போறோம்ல” என்றார். அவள் மாணவர்களோடு முன்பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்து அதைத் தன் நோட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

தங்களால் வந்த வினை என்று வகுப்புக்கு ஆறவில்லை. எல்லோரும் சேர்ந்து துறைத்தலைவரைப் பார்ப்பது, உண்மையைச் சொல்வது, கேட்டால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிப்பது என்று தீர்மானித்தார்கள். எல்லோருக்கும் ஷிப்ட் ஒத்துவருவதற்கு அடுத்த வாரம் ஆகிவிட்டது.

அவர்கள் போவதாக இருந்த நாள் மதியமே துறைத்தலைவர் அவளைக் கூப்பிட்டார். “கையெழுத்துப் போட்டு அனுப்பியாச்சும்மா. அடுத்த வருஷம் பேச்சு ஆங்கிலம். உங்க ஆளுங்க வர்றாங்களாமே, வரட்டும், பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிடறேன்” என்றார். அவள் சரி என்றாள்.

சாயங்காலம் வகுப்பு காலியாக இருந்தது. அவள் பலகையில் அழிக்கக் கூடாத கணக்கைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிட்டுக் காத்திருந்தாள். படியில் சத்தம் கேட்டது. எல்லோரும் ஒன்றாக உள்ளே வந்தார்கள். கண்டக்டர் முன்னால் வந்தார், முகமெல்லாம் சிரிப்பு.

“ரெண்டு பக்கமும் சொல்லிட்டோம் மிஸ். டெய்லர் ஒரு வரி விட்டுட்டாரு, நான் எடுத்துக் குடுத்தேன். சார் பார்க்கலாம்னுட்டாரு.”

அவள் கண்கள் விரிந்தன.

“அப்படியா” என்றாள். “நிஜமாவா சொன்னாரு?”

“நிஜமா மிஸ்.”

ஆளாளுக்குப் பேசிக்கொண்டே பெஞ்சுகளில் முட்டியை நுழைத்து உட்கார்ந்தார்கள். சிஸ்டர் மட்டும் நின்றபடி அவள் முகத்தைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். பிறகு அவரும் போய் உட்கார்ந்துகொண்டார். அவள் சாக்பீஸை எடுத்து, மீந்திருந்த மூலையில் அடுத்த கவிதையின் தலைப்பை எழுதத் தொடங்கினாள்.