குதிரைக்கு இரட்டைக் கூரை, கூலிக்கு வெறும் தகரம்

கூரை வேலைக்காரனை மழைக்காலத்தில் கூப்பிட்டுத் திட்டுவார்கள். வெயில் காலத்தில் கூப்பிடாமலே திட்டுவார்கள். தகரத்துக்குக் கீழே ஒரு சித்திரை மாதத்தையாவது கழித்தவர்களுக்கு அந்தத் திட்டின் நியாயம் தெரியும். தங்க வயலுக்கு மின்சாரம் வருவதற்கு முந்தைய வருஷங்களில், ஊரிகம் பக்கத்துக் கூலி லைன்களுக்கு, சுரங்கக் கூலிகளின் வரிசை வீடுகளுக்கு, தகரம் அடித்தவன் நான். அந்த ஒரு கோடையை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன்.

கை எட்டும் உயரம்

புது லைன் ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், குடும்பத்துக்கு ஓர் அறை. நின்றபடி கையைத் தூக்கினால் தகரம் இடிக்கும். ஜன்னல் கிடையாது. "இன்னும் ரெண்டு முழம் தூக்கி, பின்னால ஒரு திறப்பு வுட்டா சூடு வெளியே போவுமுங்க" என்று ஓவர்சீயரிடம் சொன்னேன்.

அவர் மர நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தலையைக்கூடத் தூக்கவில்லை. "நாள் முழுக்கச் சுரங்கத்துல குனிஞ்சு நிக்கிறவனுக்கு இந்த உயரமே தாராளம். ஆணியை அடி."

பகலில் தூங்க வேண்டியவர்

லைன் முடிந்ததும் எனக்கும் அதில் ஓர் அறை கிடைத்தது. அடுத்த அறை சின்னப்பனுடையது. அவருக்கு ராத்திரி ஷிப்டு. விடிந்து வீட்டுக்கு வந்து படுப்பார். பத்து மணிக்கெல்லாம் தகரம் படபடவென்று வெடிக்க ஆரம்பிக்கும். மனைவி மரியம்மா கோணியை நனைத்துக் கூரைமேல் வீசுவாள். ஒரு நாழிகையில் அது அப்பளம்போலக் காய்ந்துவிடும். எட்டு மாதக் குழந்தை ரோசம்மாவுக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு, கழுத்தில் கொப்புளம். தூக்கமில்லாத அந்த மனிதர்தான் ராத்திரி பாறையில் வெடிமருந்துக் குழி துளைக்கப் போவார்.

ஒரு நாள் கண்ணெல்லாம் சிவக்க வாசலில் உட்கார்ந்திருந்தார். "இன்னாண்ணா செய்றது? மேலயும் வேவுது, கீழயும் வேவுது. கேஜுக் கூண்டுல ஏறி ஷாப்டுக் குழிக்குள்ள இறங்கும்போது மூஞ்சில கொஞ்சம் காத்து படுது பாருங்க, அது ஒண்ணுதான் சொகம்."

தீப்பிடிக்கும் கூரை, பிடிக்காத கூரை

ஞாயிற்றுக்கிழமை நானும், என்னோடு வேலை செய்த முனுசாமியும் சின்னப்பன் கூரைமேல் ஏறினோம். தகரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அதன்மேல் மூங்கில் வைத்து, ஒரு சாண் இடைவெளி விட்டு, புல் வேய்ந்தோம். தீப்பொறி விழுந்தாலும் சட்டென்று பற்றாமலிருக்க மண்ணும் சாணியும் குழைத்துப் பூசினோம். மறுநாள் சின்னப்பன் பகல் ஒரு மணி வரை தூங்கினார். குழந்தை அழவில்லை.

மூன்றாம் நாள் ஓவர்சீயர் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். லைனில் புல் கூடாதாம், தீப்பிடிக்குமாம். என் கையாலேயே பிரிக்க வைத்தார். பிரித்த புல்லைச் சுவரோரம் அடுக்கிவிட்டு நிமிர்ந்தால், அடுத்த உத்தரவு: துரை பங்களாவின் குதிரை லாயத்துத் தகரத்துக்கு மேலே புல் வேய வேண்டும். "அது மட்டும் பத்திக்காதுங்களா?" என்று கேட்டேன்.

"பத்திக்கிட்டா அணைக்கறதுக்கு அங்க ஆள் இருக்குது."

லாயத்தில் ஒரு தாய்

லாயத்து வேலை முடிந்த அன்று மத்தியானம் ரோசம்மாவுக்கு உடம்பு நெருப்பாய்க் காய்ந்தது. பால் குடிக்கவில்லை, கண் செருகியது. மரியம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிழல் தேடி ஓடினாள். அந்தப் பொட்டலில் ஏது நிழல்? கடைசியில் லாயத்துக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். குதிரைக்காரர் குப்புசாமி ஈரத்துணியால் குழந்தையைத் துடைத்து, வாயில் சொட்டுச் சொட்டாய்த் தண்ணீர் விட்டார். ஏணியைக் கட்டிக்கொண்டிருந்த நான் வாசலில் நின்று பார்த்தேன். குழந்தை மெல்லக் கண் திறந்தது.

அப்போதுதான் ஓவர்சீயர் வந்தார். "குதிரை மிரளும்! எழுந்து வெளிய போ!" என்று கத்தினார். மரியம்மா அசையவில்லை. குப்புசாமிதான் குதிரையின் கழுத்தைத் தடவியபடி சொன்னார்: "இந்த அம்மா வந்து எம்மா நேரம் ஆச்சு, குதிரை மிரளலீங்க. நீங்க கத்தறதுலதான் மிரளுது."

முனுசாமிக்குத் தலைசுற்றல்

நான் அங்கே நிற்கவில்லை. ஏணியைத் தூக்கிக்கொண்டு நேராக லைனுக்கு வந்து, பட்டப்பகலில், எல்லாரும் பார்க்கச் சின்னப்பன் கூரைமேல் ஏறினேன். முனுசாமி சுவரோரம் அடுக்கியிருந்த புல்லைக் கீழேயிருந்து எடுத்துக் கொடுத்தார். தகரம் உள்ளங்காலைச் சுட்டது. கோபத்தில் அது உறைக்கவேயில்லை.

பின்னாலேயே வந்த ஓவர்சீயர் என்னை இறங்கச் சொன்னார். கடைசி முடிச்சு வரை கட்டி முடித்துவிட்டுத்தான் இறங்கினேன். அந்த இடத்திலேயே என்னை வேலையைவிட்டு நிறுத்தினார். பிறகு முனுசாமியை ஏறிப் பிரிக்கச் சொன்னார். இருபது வருஷமாய்க் கூரைமேலேயே குடித்தனம் நடத்திய மனுஷர் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கு ஏணின்னாலே தலை சுத்துதுங்க. நீங்களே ஏறிப் பாருங்க."

ஓவர்சீயர் ஏறவில்லை, ஏற வேறு ஆளும் கிடைக்கவில்லை. அந்த வாரத்துக்குள் லைனில் பாதிக் கூரைகளில் புல் ஏறிவிட்டது. ரோசம்மா பிழைத்தாள். எனக்கு மட்டும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை; வேறு ஊரில் பிழைத்துக்கொண்டேன்.

வெயில்மேல் எனக்குக் கோபமில்லை, அது துரை, கூலி என்று ஆள் பார்க்காமல்தான் காய்ந்தது. ஆள் பார்த்துக் கூரை போட்டவர்கள் நாங்கள்தான்.