பூவாத்தாள் வளர்த்த முயல்கள்

பல்லடத்துக்கு மேற்கே எங்கள் காலனியில் முயல் வளர்த்தவர் பூவாத்தாள் அக்கா ஒருவர்தான். அதற்கு முன் பதினாறு வருடம் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கினார். எச்சத்தின் நெடி நெஞ்சில் ஏறி, நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடும். இனி அந்தக் கொட்டகைக்குள் போனால் நுரையீரல் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பண்ணையில் கழித்துப்போட்ட கம்பிக் கூண்டுகளைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டுச் சுவரோரம் இரண்டு அடுக்காகக் கட்டினார். கூண்டுக்கு ஒரு பெட்டை முயலாகப் பதினொன்று. ஆண் முயல் மட்டும் தனியாகக் கொல்லையில். குட்டிகளுக்கு ஒரு மாதம் ஆனதும் கோவையில் வளர்ப்புப் பிராணிக் கடை வைத்திருந்த மெஹராஜ் பாய் வந்து எடுத்துப்போவார். இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. இருமலும் கொஞ்சம் அடங்கியிருந்தது.

1997இல் பாயோடு வந்த ஒருவர் கூண்டுகளைப் பார்த்துவிட்டுப் புகார் எழுதினார். புகாரில் பொய் இல்லை. கம்பி குத்தி முயல்களின் பாதம் புண்ணாகியிருந்தது. நின்ற இடத்தில் திரும்பக்கூட முடியாது. தினம் அந்த வழியாகப் போகும் எனக்கு அது ஏன் கண்ணில் படவில்லை என்று இன்றும் தெரியவில்லை.

பிராணிவதைத் தடுப்புச் சங்கத்து இன்ஸ்பெக்டர் ஆங்கிலத்தில் நோட்டீஸ் கொடுத்துப் போனார். காலனியில் முதல் பட்டதாரி நான் என்பதால் அது என்னிடம் வந்தது. 1960ஆம் வருடச் சட்டம். அடைத்துவைத்த பிராணி ஓரளவுக்கு நடமாட நீளம், அகலம், உயரம் போதாத கூண்டு குற்றம். வியாழக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் வழக்கு.

"எத்தன அடின்னு போட்டிருக்குது அம்மணி?"

"அடிக்கணக்கு இல்லீங்க்கா. நடமாட எடம் இருக்கோணும்னுதான்."

"அப்போ கறிக்கோழி மாதிரி கீழ உட்டரலாமா?"

அவருக்குத் தெரிந்தது இரண்டே முறைகள். முட்டைக்கோழிக்குக் கூண்டு. கறிக்கோழிக்குத் தரையில் கடலைத்தோல் பரப்பி மொத்தமாக விடுவது. நான் நோட்டீஸை மறுபடி ஒருமுறை படித்துவிட்டு, "அதுதானுங்க்கா சட்டம் கேக்குது" என்றேன்.

புதன்கிழமை சாயங்காலம் உள் அறையைக் காலி செய்தோம். தன் கட்டிலை அவர் வாசலுக்கு இழுத்துப்போட்டார்.

"பாரு, எனக்கே இல்லாத ஊடு இதுகளுக்கு. நாளைக்கு ஃபேன் போடுன்னு கேக்குமாட்ட இருக்குது."

இருமலுக்கு நடுவே சிரித்தார். பதினொரு முயல்களையும் நான்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே விட்டேன். நான்கு, குட்டி போட்டிருந்தவை. குட்டிகளை அட்டைப்பெட்டிகளோடு மூலைக்கு ஒன்றாக வைத்தோம்.

காலையில் அவர் கூப்பிட்ட குரல் கேட்டு ஓடினேன். கடலைத்தோல் முழுக்க ரத்தமும் பிய்ந்த ரோமமும். குட்டி போட்டவை ஒன்றையொன்றும் மற்றவற்றையும் கடித்து, அடுத்ததின் பெட்டிக்குள் புகுந்து குட்டிகளைக் கடித்துப்போட்டிருந்தன. ஒரு குட்டிகூட மிஞ்சவில்லை. ஆறு பெரிய முயல்கள் செத்துக் கிடந்தன. மிச்சம் ஐந்தில் ஒன்றுக்கு வயிறு கிழிந்திருந்தது. அது இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் செத்தவற்றைப் போட்டுவைத்திருந்த சாக்கைப் பார்த்து நின்றார்.

"குட்டி போட்டதையெல்லாம் ஒண்ணா விட்டீங்களாம்மா? அடிச்சுக்குமே."

"அதயும் சேத்தி அந்தக் காயிதத்துல எழுதிப்போட்டிருக்கலாமுங்களே, சார்."

"சட்டத்துல அது இல்லம்மா."

அறையை டேப்பால் அளந்தார். நீளம், அகலம் எழுதி, இடம் போதுமானது, நடவடிக்கை தேவையில்லை என்று குறித்து, அக்காவிடம் கைநாட்டு வாங்கினார். வாங்கும்போது அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ கேசு இல்லீங்களா?"

"இல்லம்மா."

இன்ஸ்பெக்டர் போனபிறகு, நான் முயலைப் பற்றி யாரையாவது கேட்டிருக்க வேண்டும் என்று சொல்ல வந்தேன். "தப்பாப் படிச்சுப்போட்டனுங்க்கா" என்றுதான் வந்தது.

"நீ சரியாத்தான் படிச்ச அம்மணி. வா, குழி தோண்டலாம்."

மிச்சமிருந்தவையும் புண் சீழ் வைத்து அந்த வாரத்துக்குள் செத்தன. அடுத்த திங்கட்கிழமை கோழிப்பண்ணை வேன் வந்தபோது பூவாத்தாள் அக்கா முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு ஏறினார்.