பையைப் பார்த்துக்கொண்டவர்கள்

கொரோனாவில் நான் வேலை பார்த்த தனியார் பள்ளி மூடியது. மறுபடி திறந்தபோது பாதி ஆசிரியர்களைத்தான் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கே.ஜி.கண்டிகைக்குப் பக்கத்தில் இருந்த தீம் பார்க்கில் டிக்கெட் கொடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். திருத்தணியிலிருந்து பஸ் இருந்தது. போய்ச் சேர்ந்தேன்.

பார்க்கின் முதலாளி பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். நிலக்கடலை போட்டுக்கொண்டிருந்த சொந்த நிலத்தில்தான் அதைக் கட்டியிருந்தார். மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள், திருப்பதிக்குப் போகிற வழியில் ஒரு பொழுதை இங்கே கழிப்பார்கள் என்பது அவர் கணக்கு. சில வருடங்கள் அப்படித்தான் நடந்ததாம். பிறகு சென்னைப் பக்கம் பெரிய பெரிய பார்க்குகள் வந்துவிட்டன. நான் போனபோது பேய் வீட்டுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. முன்னும் பின்னும் ஆடுகிற கொலம்பஸ் கப்பல், மோட்டார் போய் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி நின்றது. அலைக்குளமும், சின்னச் சறுக்குகளும், சிமெண்டுப் பாறைகளுக்கு மேலிருந்து கொட்டும் ஒரு செயற்கை அருவியும்தான் மிச்சம்.

முதலாளிக்கு அறுபது தாண்டியிருக்கும். என் வேலை எதுவாக இருந்தாலும் என்னை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கோடை விடுமுறை தொடங்கிய சமயம், ஒரு நாள் மாலை கவுன்ட்டருக்கு வந்தார்.

"டீச்சர், நாளையிலருந்து இங்க வேற பொண்ணு ஒக்காரட்டும். நீங்க வெளிய போற கேட்டாண்ட நில்லுங்க. போற ஜனத்த ஒருத்தர் விடாம கேளுங்க, இந்த பார்க்ல இன்னா மாத்தினா நல்லாருக்கும்னு. நீங்க கேட்டா சொல்லுவாங்க."

அவர் மனதில் ஏற்கெனவே ஒரு பதில் இருந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி உயரமான ஒரு சறுக்கு. பெங்களூரில் இருந்த மகன் அதற்குச் சம்மதிக்கவில்லை. ஜனங்களே கேட்கிறார்கள் என்றால் மகன் வாயை மூடிக்கொள்வான் என்று நினைத்தார்.

ஜனங்களும் அப்படித்தான் சொன்னார்கள். கல்லூரிப் பையன்கள் ஈரத் தலையை உதறிக்கொண்டே, "பெருசா ஒரு ஸ்லைடு போடுங்க மேடம், பாட்டு இன்னும் சவுண்டா வைங்க" என்றார்கள். மலையில் மொட்டை போட்டுவிட்டு வந்த குடும்பங்கள், குளத்துத் தண்ணீரில் மருந்து ஜாஸ்தி, சந்தனம் கரைந்த தலை எரிகிறது என்றார்கள். ஒருத்தர் பிரியாணிக் கடை வேண்டுமென்றார். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த சாப்பாட்டை உள்ளே விடுங்கள் என்று இன்னொருத்தர் சண்டைக்கே வந்தார். சில பெண்கள் கணவன் முன்னால் போகட்டும் என்று காத்திருந்து, உடை மாற்றுகிற அறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்று காதோடு சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாவற்றையும் சாயங்காலம் ஆபீஸ் அறையில் சொல்வேன். சறுக்கு என்கிற வார்த்தை வரும்போது மட்டும் முதலாளி நிமிர்ந்து உட்காருவார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே, ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். குழந்தைக்கு மலையில் காது குத்திவிட்டு வந்தவர்கள். கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள் என்பது பேச்சில் தெரிந்தது. கிளம்புகிற நேரத்தில் கேட்டில் மறித்து வழக்கமான கேள்வியைக் கேட்டேன். ஆண்கள் சறுக்கு என்றார்கள். பிள்ளைகள் கத்திக்கொண்டே அதையே சொன்னார்கள். சுவரோரம் பைகள் குவிந்து கிடந்த இடத்தில் ஒரு பெண் எழுந்து நின்று ஒவ்வொன்றாகத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் பக்கம் திரும்பினேன்.

"உங்களுக்கு இன்னா தோணுது?"

"என்னியா கேக்கறீங்க?"

"ஆங், உங்களத்தான்."

"நான் இன்னா சொல்றது மேடம். உள்ள ஒண்ணியும் நான் பாக்கலியே. காலையிலருந்து இங்கதான் குந்திகினு இருக்கேன், பையப் பாத்துகினு."

அவர் மணிக்கட்டில் டிக்கெட்டுக்குக் கட்டுகிற காகிதப் பட்டை இருந்தது. மற்றவர்கள் கையில் அது நைந்து தொங்கியது. இவர் கையில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

"பரவால்ல, எதுனா ஒண்ணு சொல்லுங்க."

கொஞ்சம் யோசித்தார். "பையப் பாத்துக்க ஒரு ஆளு இருந்தா நல்லாருக்கும். வேற இன்னா."

அவர் கணவர் சிரித்தார். "அது கெடக்குது மேடம். அதுக்குத் தண்ணின்னாலே பயம்."

அந்தப் பெண் அவரைப் பார்க்காமலே கேட்டார். "யாரு சொன்னது பயம்னு?"

  எனக்கு அப்போது என்ன தோன்றியதென்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "நான் பாத்துக்கறேன், நீங்க போய்ட்டு வாங்க. மூட இன்னும் நேரம் இருக்குது" என்றேன். அவர் வேனைப் பார்த்தார், பைகளைப் பார்த்தார். பிறகு ஒரு சின்னத் துணிப்பையை மட்டும் தனியே எடுத்து என் கையில் கொடுத்தார். "கொழந்தையோட கொலுசு இதுல கீது மேடம். கீழ வெச்சிடாதீங்க."

பைகளுக்கு நடுவே உட்கார்ந்தேன். அங்கிருந்து அருவி தெரிந்தது. புடவையோடு குளத்தில் இறங்கக் கூடாது என்பது பார்க்கின் விதி. அருவிக்கு அந்த விதி கிடையாது. அவர் முதலில் ஓரமாக நின்று கையை மட்டும் நீட்டிப் பார்த்தார். அப்புறம் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனார். தலை குனிந்து, தண்ணீர் மொத்தமும் பிடரியில் விழும்படி நின்றார். ஆடவில்லை, கத்தவில்லை, அசையவே இல்லை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் திரும்ப ஓடிப்போய் அவர் காலைக் கட்டிக்கொண்டார்கள். அம்மா அருவியில் நிற்பதை அவர்கள் அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்திருக்க வேண்டும்.

கணவர் என் பக்கத்தில் வந்து நின்றார். வேன்காரர் ஹாரன் அடித்தார். இவர் கையை உயர்த்தி, இரு என்று சைகை செய்தார். பிறகு என்னிடம், "நீங்க எழுந்துருங்க மேடம். நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு, பைகளுக்கு நடுவில் தானே உட்கார்ந்தார்.

வாட்ச்மேன் விசில் ஊதிய பிறகுதான் அந்தப் பெண் வந்தார். புடவையிலிருந்து தண்ணீர் சொட்டியது. என் கையிலிருந்த துணிப்பையை வாங்கிக்கொண்டு, "தலவலி போயிடுச்சு மேடம்" என்றார். அவ்வளவுதான். வேனில் ஏறிப் போய்விட்டார்கள். பிறகு நான் அவர்களைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் முதலாளியிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அவருக்குப் பிடிக்கவில்லை.

"பையா? அதான் லாக்கர் கீதே."

"துருப்பிடிச்சுப் போச்சுங்க. பாதிக்குச் சாவி இல்ல."

"டீச்சர், நான் ஒண்ணு கேக்கறேன். ரோட்ல போறவன் பை வெக்கிற எடத்தப் பாத்துட்டா வண்டிய நிறுத்துவான்? சறுக்கப் பாத்துட்டுதான் நிறுத்துவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை.  அப்போது உள்ளறையிலிருந்து அவர் மனைவி, "பாவா" என்று கூப்பிட்டார்.

அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளிக்கு மாமன் மகள். வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள். கணவரை இன்னமும், அத்தான் என்கிற அர்த்தத்தில், பாவா என்றுதான் கூப்பிடுவார். தினமும் மதியம் கேரியரில் சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார். முதலாளி குளத்து மோட்டார் பக்கமோ, கேட் பக்கமோ அலைந்துகொண்டிருப்பார். சோறு ஆறிப்போகும். அந்த அம்மா உள்ளறையில் சத்தமில்லாமல் டிவியை ஓடவிட்டுக் காத்திருப்பார். சர்க்கரையால் கால் வீங்கியிருக்கும். அதிகம் பேசிக் கேட்டதில்லை.

எழுந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் புரியட்டும் என்றோ என்னவோ, தமிழிலேயே கேட்டார். "இத்தினி வருசமா தெனம் வரேன். நான் ஒரு நாளாவது உள்ள போயி பாத்திருக்கீங்களா?"

"நீ கேட்டதில்லியே."

"நீங்களும் கேட்டதில்ல. ஊருல போறவங்க வரவங்களயெல்லாம் கேக்க டீச்சர நிக்க வெச்சீங்க. என்ன யாரு கேட்டா?"

முதலாளி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். "சரி, இப்ப கேக்கறேன். சொல்லு. இங்க இன்னா மாத்தணும்?"

ஏதோ விளையாட்டாகத்தான் கேட்டார். அந்த அம்மா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "வாரத்துல ஒரு நாளு இத மூடணும். நீங்க வூட்ல குந்தி சூடா சாப்புடணும்" என்றார்.

முதலாளி சிரிக்க ஆரம்பித்து நிறுத்திவிட்டார். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு வந்துவிட்டேன்.

கொஞ்ச நாள் எதுவும் நடக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அருவிக்கு எதிரே கீற்று வேய்கிற ஆட்கள் நின்றார்கள். நீளமாக ஒரு கொட்டகை, சுற்றிலும் பெஞ்சு, ஒரு குடிதண்ணீர் டிரம், பைகளை வைக்க இரும்பு ரேக்குகள். உடை மாற்றுகிற அறைகளுக்குத் தாழ்ப்பாள் வந்தது. கேட்டில் ஒரு போர்டும் மாட்டினார்கள், புதன்கிழமை விடுமுறை என்று. செவ்வாயும் வெள்ளியும் கிருத்திகையும் மலைக்குக் கூட்டம் வருகிற நாட்கள். சனி, ஞாயிறை விட முடியாது. அதனால் புதன்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. நாலைந்து நாளில் அந்த அம்மா ஒரு நாற்காலியை உள்ளறையிலிருந்து எடுத்துவரச் சொல்லி என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். பையை வாங்கி வைப்பது நான். பேசுவது அவர். அவருக்குள் அவ்வளவு பேச்சு இருந்தது எனக்கு அதுவரை தெரியாது. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பார். ஆந்திராப் பக்கம் நகரியிலிருந்து வருகிறவர்களுக்கு அது வசதியாக இருந்தது. கைக்குழந்தைக்காரிகள் புடவையில் தூளி கட்டிப் பிள்ளையைப் போட்டுவிட்டு அருவிக்குப் போவார்கள். பிள்ளை அழுதால் அந்த அம்மா வீங்கிய காலை நகர்த்தி நகர்த்தி வந்து தூளியை ஆட்டுவார்.

கூட்டம் பெருகிவிட்டது என்று சொன்னால் அது பொய். வந்தவர்கள் சீக்கிரம் கிளம்பாமல் சாயங்காலம் வரை இருந்தார்கள். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவுக்காரப் பெண்கள் சிலர் ஒரு முறை ஆண் துணையில்லாமல் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். யாரோ இங்கே பை வைக்க இடம் இருக்கிறது, கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அந்த அம்மா முதலாளியைக் கூப்பிட்டு, அந்தப் பெண்களை மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னார். முதலாளி கைகட்டிக்கொண்டு நின்று கேட்டார்.

அடுத்த வருடம் அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. டயாலிசிஸுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளி கூடவே போனார். கொட்டகையில் நாற்காலி காலியாகக் கிடக்கும். வழக்கமாக வருகிற பெண்கள், "தெலுங்கு அம்மா எங்க?" என்று கேட்பார்கள். வாரத்துக்கு மூன்று தடவை என்று ஆனபோது, முதலாளி பார்க்கைக் குத்தகைக்கு விட்டுவிட்டார். மகன் சொல்லியோ யார் சொல்லியோ இல்லை, அவராகவே விட்டார்.

குத்தகைக்காரர் முதல் வேலையாகச் சறுக்கைத்தான் போட்டார். ரோட்டிலிருந்து பார்த்தால் சிவப்பாகத் தெரியும். முதலாளி நினைத்தபடியே வண்டிகள் நின்றன. கொட்டகையை அவர் இடிக்கவில்லை. ஆனால் பைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்தார். புதன்கிழமை விடுமுறையை எடுத்துவிட்டார். ஜூன் மாதம் திருத்தணியில் ஒரு பள்ளியில் எனக்கு வேலை கிடைத்தது. நான் வந்துவிட்டேன்.

அந்த அம்மா கார்த்திகை மாதம் இறந்துபோனார். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. காரியம் முடிந்த பிறகு பள்ளிப்பட்டுக்குப் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போனேன். முதலாளி மெலிந்திருந்தார். மகனும் மருமகளும் இருந்தார்கள். 

பிறகு முதலாளி அவராகவே சொன்னார். "கடைசி ஆறேழு மாசம் அவளால அடுப்பாண்ட நிக்க முடியல, டீச்சர். நான்தான் செஞ்சேன்."

"நீங்களா?"

"ஆங். எனக்கு இன்னா தெரியும்? சாம்பார்ல உப்பு போடணுங்கறதே நெனப்பு இருக்காது. அவளுக்கு டாக்டரு உப்பே ஆகாதுன்னுட்டாரு. ரெண்டு பேரும் குந்தி அதத்தான் சாப்புட்டோம். ஒரு நாளும் கொற சொல்லல. சூடா கீது பாவான்னு மட்டும் சொல்லுவா."

சொல்லிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மருமகள் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். நான் வேண்டாமென்றேன். முதலாளி, "ஒக்காருங்க டீச்சர், பஸ்ஸு வர நேரமாவும்" என்று சொல்லி, எனக்கொரு தட்டு போட்டு, தனக்கும் ஒன்று வைத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.