நீலப் பூ போட்ட ஓடு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். தொல்லியல் முதுகலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்காகப் பழவேற்காட்டில் அறை எடுத்துத் தங்கி, தினமும் லைட்ஹவுஸ் குப்பத்துக்குப் போய் மணலில் கிடக்கும் பழைய பானை ஓடுகளைப் பொறுக்குவேன். படிப்பு தலைக்கேறியிருந்த காலம் அது. சின்ன ஓடு கிடைத்தாலும், ஒரு காலத்தில் இங்கே கோட்டை கட்டி வாழ்ந்த டச்சுக்காரன் எனக்கென்றே விட்டுவிட்டுப் போனதுபோல் குதிப்பேன்.

அன்று சவுக்குத் தோப்பு ஓரம், மணல்மேட்டில் உள்ளங்கை அகலப் பீங்கான் ஓடு ஒன்று இருந்தது. நீலப் பூ வானத்தைப் பார்த்திருந்தது. பக்கத்தில் வேறு ஓடே இல்லை. யாரோ வைத்ததுபோல் இருக்கிறதே என்று தோன்றத்தான் செய்தது. ஆசை யாரை விட்டது? கலங்கரை விளக்கத்தின் மதில் மூலையிலிருந்தும் தண்ணீர்த் தொட்டியிலிருந்தும் டேப் பிடித்து அளந்து, நோட்டில் குறித்துக்கொண்டு, ஓட்டைப் பையில் போட்டுச் சீட்டும் ஒட்டிவிட்டேன்.

மறுநாள் காலை, அதே மேட்டில் ஒரு பெண் மண்டியிட்டு மணலைத் தள்ளித் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார். கருவாடு காயவைக்கும் இடத்தில் தினமும் எனக்குத் தண்ணீர் தரும் அக்காதான்.

"இன்னாக்கா தேடுறீங்க?" அவர்கள் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒரு ஓடு கண்ணு. நீலப் பூ போட்டது. அதுக்குக் கீழதான் எம் பொண்ணு கீது. பொறக்கும்போதே பூட்ச்சி. அடையாளத்துக்கு ஒரு பனமரம் இருந்துச்சு, போன புயல்ல அதுவும் சாஞ்சிடுச்சு. அப்பால ஓடு வச்சேன்."

சீட்டு ஒட்டிய பையோடு அந்த ஓடு என்னிடம்தான் இருந்தது. பேசாமல் போய்விடலாமா என்றுகூட நினைத்தேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. பையை நீட்டிவிட்டு, திட்டு வாங்கத் தயாராகத் தலைகுனிந்து நின்றேன். அவர் ஓட்டை எடுத்து முந்தானையில் துடைத்தார்.

"ஓடு கெடைச்சிடுச்சு. எடம் எதுன்னு சொல்லு கண்ணு. அடிச்ச காத்துல மணலெல்லாம் ஒண்ணாயிடுச்சு."

நோட்டைப் பிரித்தேன். மதில் மூலையில் டேப்பின் முனையை அவர் பிடித்துக்கொள்ள, நோட்டில் இருந்த தூரத்துக்கு இழுத்து மணலில் ஒரு வளைகோடு கீறினேன். தொட்டியிலிருந்து இன்னொன்று. இரண்டும் வெட்டிய இடத்தில் அவர் உட்கார்ந்து, பூ மேலே தெரிய ஓட்டைப் பதித்து, அதன்மேல் கையை வைத்தபடி வெகுநேரம் இருந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன்.

கிளம்பும்போது, காலிப் பையில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, "இன்னா எழுதிக்கீற?" என்றார்.

"மணல்மேட்டில் கிடந்ததுன்னு."

"கெடக்கல கண்ணு. வச்சது."

கோபமே இல்லாமல் சொன்னார். அங்கேயே அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். அந்தச் சீட்டை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போதும் எந்த ஊர் மேட்டில் ஓடு எடுத்தாலும், 'கிடந்தது' என்று எழுதப்போகும் கை சற்று நின்றுவிடுகிறது. அதை வைத்தவள் திரும்பி வந்து தேடுவாளோ என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்கிறேன்.