பிரேக்குக்கு வைத்த சந்தனம்

பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது என் மகன் தன் சைக்கிளைத் தருமபுரத்தில் எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். கியர் வைத்த சைக்கிள், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக். கம்பி இழுத்துப் பிடிக்கிற பழைய பிரேக் இல்லை. கைப்பிடியில் லீவரை அழுத்தினால் மெல்லிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெய் நகர்ந்து இரண்டு சின்ன பிஸ்டன்களைத் தள்ளும். அவை இருபக்கமும் நெருங்கி, சக்கரத்தோடு சுற்றுகிற தட்டைக் கவ்வி நிறுத்தும்.

"சும்மா நிக்க வேணாம், நீங்க ஓட்டுங்கப்பா" என்றான். "பிரேக்குல மட்டும் கை வச்சிடாதீங்க. அதுக்குள்ள எதுவும் போவக் கூடாது."

"எனக்குத் தெரியாதா?" என்றேன்.

இதை ஒரு நாளைக்குப் பலமுறை சொல்கிற ஆள் நான். அரசு அலுவலகத்தில் மேற்பார்வை உத்தியோகம். சொன்னதை மட்டும் செய்யுங்கள் என்று கீழே இருப்பவர்களை நச்சரித்தே சம்பளம் வாங்குகிறேன். அவர்கள் முதுகுக்குப் பின்னால் என்னைப் பற்றி என்ன பேசிக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

சைக்கிள் எனக்குப் பிடித்துப்போனது. காலையில் அரசலாற்றங்கரை வழியாகக் கடற்கரை வரை போய்வருவேன். ஞாயிற்றுக்கிழமை பட்டினச்சேரிக்குப் போய் மீன் வாங்கி வருவேன். "இந்த வயசுல மாப்பிள்ளை முறுக்கு வந்துடுச்சு" என்று மனைவி கிண்டல் செய்தாள். தொந்தியைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொண்டுதான் ஓட்டினேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் மிக்சி, கிரைண்டர், அரிவாள்மணை எல்லாம் மனைவியின் பொறுப்பு. வண்டிகள் என் பொறுப்பு. ஸ்கூட்டருக்கு விளக்கின் மேல் சந்தனம் அப்பிவிட்டேன். சைக்கிளுக்கு எங்கே வைப்பது? எல்லாம் ஒல்லிக் குழாய், பொட்டு வைத்தால் பார்வையாகவே இல்லை. ஒரு வண்டியில் எது ஆளைக் காப்பாற்றுகிறதோ அதற்குத்தானே முதல் மரியாதை என்று தோன்றியது. பிரேக்குக்கே வைத்தேன். முன்சக்கரத்தில் தட்டைக் கவ்வும் அந்தக் கறுப்புப் பெட்டியின் மேல் கெட்டியாகக் குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் வழித்து அப்பினேன், நடுவில் குங்குமம். மேலே ஒரு சந்து இருந்தது. அதற்குள்ளும் கொஞ்சம் இறங்கியது. நிறைவாக இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மகன் சொன்னது மறந்துபோகவில்லை. சாமி காரியம் அதில் சேராது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு மழை பிடித்தது. விட்ட பிறகு எடுத்து ஓட்டினால் முன்சக்கரம் சர்ர் சர்ர் என்று தேய்த்தது. லீவர் கைப்பிடி வரைக்கும் உள்ளே போனது. நிறுத்தும்போது ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கீச்சென்று அலறியது. பட்டினச்சேரியில் நான் வழக்கமாக மீன் வாங்கும் அம்மா, தலையைத் தூக்காமலே, "சார் வந்துட்டாரு, சத்தம் கேக்குது" என்றார். பக்கத்துக் கூடைக்காரர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். காது சுட்டது.

வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் குந்தி உட்கார்ந்து பார்த்தேன். லீவரை அழுத்தினால் ஒரு பக்கத்துப் பிஸ்டன் மட்டும் வந்தது. மறுபக்கம் அசையவில்லை. தட்டு ஒரு பக்கமாகவே வளைந்து கொடுத்தது. சந்துக்குள் சந்தனம் காய்ந்து சுண்ணாம்பு மாதிரி பிடித்திருந்தது. தென்னை ஈர்க்கால் குத்திக் குத்தி எடுத்தேன். எடுத்ததைவிட உள்ளே தள்ளியதுதான் அதிகமாக இருந்திருக்கும். துணி காயப்போட வந்த மனைவி பார்த்தாள். நான் ஈர்க்கைக் கீழே போட்டுவிட்டு, சைக்கிளைப் பழைய போர்வையால் மூடி, துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சாத்திவைத்தேன்.

தீபாவளிக்கு மகன் வந்தான். பையை வைத்த கையோடு போர்வையை விலக்கி லீவரை அழுத்திப் பார்த்தான். முகம் மாறியது.

"யாருப்பா இதுல கை வச்சது?"

அங்கே சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. ஆனால் எனக்குத் தெரியாதா என்று அத்தனை முறை சொன்ன வாய் அதற்குத் திறக்கவில்லை. சொன்னதைக் கேட்காத ஆள் என்று மகனிடம் பெயர் வாங்குவதா என்றிருந்தது. "உங்கம்மா தொவைக்கிற எடத்துலதான் நின்னுச்சு" என்றேன். அதோடு நிறுத்தினேனா? "பூஜைக்கு எல்லாத்துக்கும் சந்தனம் வச்சா" என்றும் சேர்த்தேன்.

மனைவி அதிரசத்துக்கு மாவு பிசைந்த கையோடு கொல்லை வாசலில் நின்றிருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"ஏம்மா, படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனேன்ல? இது என்ன அம்மிக்கல்லா, சந்தனம் வக்கிறதுக்கு?"

"தெரியாமப் பண்ணிட்டேன்டா" என்றாள் அவள். "சரி பண்ண முடியுமான்னு பாரு."

மகன் சக்கரத்தைக் கழற்றினான். தட்டில் தேய்கிற பிரேக் பட்டைகளை உருவி வைத்தான். பிஸ்டன் உள்ளே ஒரு ரப்பர் வளையத்துக்குள் ஓடுகிறதாம். லீவரை விட்டதும் அந்த ரப்பர்தான் அதைப் பின்னால் இழுக்குமாம். அதைச் சுற்றி மண்ணோ மாவோ ஏறிவிட்டால் போவதும் இல்லை, வருவதும் இல்லை. "ரெண்டு பேர் வேணும்பா" என்று என்னை லீவரைப் பிடிக்கச் சொன்னான். ஓடுகிற பிஸ்டனை அவன் ஒரு பிளாஸ்டிக் பட்டையால் அழுத்தி நிறுத்திக்கொண்டான். ஒரு பக்கம் அடைபட்டால் எண்ணெய் மறுபக்கத்தைத் தள்ளித்தானே ஆகவேண்டும். "மெதுவா. மெதுவாப்பா. வேகமா அழுத்துனா வெளியில வந்து விழுந்துடும்."

அழுத்த அழுத்த, பிடிவாதமாக இருந்த பிஸ்டன் மயிரிழை மயிரிழையாக வெளியே வந்தது. அதன் இடுப்பில் மஞ்சளாக ஒரு வளையம், அதில் குங்குமக் கறை. மகன் பஞ்சுக் குச்சியை ஸ்பிரிட்டில் தோய்த்துச் சுற்றிலும் துடைத்து, அந்த பிரேக்குக்கே உரிய எண்ணெயில் ஒரு சொட்டுத் தொட்டு வைத்து, உள்ளே தள்ளினான். மறுபடி என்னை அழுத்தச் சொன்னான். இப்படியே தள்ளித் தள்ளி இரண்டும் ஒன்றாக வரத் தொடங்கியதும் கோபம் போய்ச் சிரித்துவிட்டான்.

"அம்மா, வெளியில பொட்டு வைப்பாங்க, பாத்திருக்கேன். நீ உள்ளுக்கே அபிஷேகம் பண்ணியிருக்க."

அவளும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

கறை ஏறிய பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது மாட்டினான். சைக்கிள் சத்தமில்லாமல் ஓடியது. கதைதான் நிற்கவில்லை. விழிதியூரில் உறவுக் கல்யாணத்தில், பந்தியில், பிரேக்குக்கு அபிஷேகம் செய்த அம்மாவைப் பற்றி மகன் சொல்லச் சொல்லப் பெண்கள் புரையேறச் சிரித்தார்கள். மனைவி இலையைப் பார்த்தபடி, "எனக்கு என்னடி தெரியும் அதெல்லாம்" என்று சொன்னாள். நான் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தேன். ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியில், "அன்னைக்கி நான்..." என்று ஆரம்பித்தேன். "பால் வாங்கணும், நிறுத்துங்க" என்றாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சைக்கிளைத் துடைத்து நிறுத்திவிட்டுச் சந்தனம் குழைத்தேன். மகன் வீடியோவில் வந்தான். மனைவி போனைக் கிரைண்டர் மேல் சாய்த்து வைத்தாள்.

"அப்பா, அம்மா கையில மட்டும் கிண்ணத்தக் குடுத்துடாதீங்க" என்றான்.

அவள் வழக்கம்போலச் சிரித்தாள். ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். என் கையிலிருந்த கிண்ணத்தை வாங்கி, ஒற்றை விரலால் தொட்டு, சைக்கிளின் கைப்பிடி நடுவில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்:

"இப்ப நெசமாவே நான் வச்சிட்டேன். இனிமே நீங்க சொன்னது பொய்யில்ல. போதுமா?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை எடுத்தேன்.

"டேய், போன வருஷம் உங்கம்மா வைக்கல. பிரேக்குல சந்தனம் வச்சது நான். உன்கிட்ட பொய் சொன்னேன்."

கிண்டல் செய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சிரிக்கவில்லை.

"போனை அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றான்.