ஈசானிய மூலையில் ஒரு லோகோ

திருப்பதியில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த வெப்சைட் கம்பெனியில் ஒரு மதம் இருந்தது. அதன் பெயர் டேபிள். முதலாளி பக்கத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு படத்தையோ எழுத்தையோ அடைத்துவைப்பார். "நான் போட்ட டேபிள் இன்னிக்கு வரைக்கும் ஒரு இஞ்ச் நகரலம்மா" என்பார், ஏதோ அணை கட்டியவர் போல. நகராததுதான் அதன் வியாதி என்றால் அவருக்குக் கோபம் வரும். எனக்கு ஸ்டைல்ஷீட்தான் சரி. விஷயத்தை ஒரு ஃபைலிலும் தோற்றத்துக்கான விதிகளை இன்னொரு ஃபைலிலும் எழுதிவிட்டால், திரையின் அகலத்துக்கு ஏற்றபடி பக்கம் தானே மாறிக்கொள்ளும். ஊரே போனில்தான் பார்க்கிறது. முதலாளிக்கு மட்டும் அது இன்னும் வதந்தி.

எனக்கு அந்த வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது. நகரியில் இருக்கும் என் நைனா தெளிவாகச் சொல்லியிருந்தார்: வேலை நிரந்தரமாகவில்லை என்றால் தடாவில் பார்த்துவைத்திருக்கும் மாப்பிள்ளை நிரந்தரம். மாப்பிள்ளைக்குப் பொறுமை அதிகம் என்று எல்லோரும் சொன்னார்கள். என்னை மனதில் வைத்துத்தான் அந்தத் தகுதியைத் தேடியிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து, சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி நடத்தும் ஒருவர் வெப்சைட் கேட்டு வந்தார். கூடவே ஒரு சித்தாந்தியும் வந்தார். வீட்டுக்கு வாஸ்து, பிள்ளைக்கு ஜாதகம், போர்வெல்லுக்கு நீரோட்டம் எல்லாம் பார்ப்பவர். வெப்சைட்டை மட்டும் விட்டுவைப்பானேன்? திரையின் மேல்பக்கம் வடக்கு என்று முடிவானது. லோகோ ஈசானிய மூலையில், அதாவது மேலே வலதுபக்கம். கூழ் காய்ச்சும் பாய்லரின் படம் அக்னி மூலையில், கீழே வலது. கனமான டிரம்கள் நைருதியில், கீழே இடது. நடுவில் ஓர் எழுத்துகூட இருக்கக் கூடாது. முதலாளிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "பாத்தியா, டேபிள்னா எட்டு திக்கும் ரெடியா இருக்கு" என்றார். இந்தப் பார்ட்டி போனால் நீயும் போகலாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொன்னார்.

நான் கேட்பேனா? ஸ்டைல்ஷீட்டிலேயே போட்டேன். கம்ப்யூட்டரில் எல்லா மூலையும் சாஸ்திரப்படி இருந்ததால் முதலாளி கண்டுபிடிக்கவில்லை. சித்தூருக்குப் போய் ஃபேக்டரி ஆபீசில் காட்டினோம். எல்லோரும் தலையாட்டினார்கள். காரியம் முடிந்தது என்று நினைக்கும்போது ஃபேக்டரிக்காரர் தன் போனை எடுத்துத் திறந்தார்.

"இன்னாமா இது? நைருதில இருந்த டிரம்மு பாய்லர் தலைமேல குந்திக்கினு கீது?"

போனில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தது. அதற்குத்தானே அத்தனை பாடுபட்டேன். முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் எனக்குத் தடா பஸ்ஸே தெரிந்தது. ஆனால் எனக்குப் பயம் வந்தால் கோபமும் கூடவே வந்துவிடும். "சார், போனுக்கு ஏது சார் திக்கு? நீங்க திரும்பினா அதுவும் திரும்புது" என்றேன், கொஞ்சம் உரக்கவே.

சித்தாந்தி போனை வாங்கினார். நாற்காலியிலேயே கிழக்கே திரும்பினார், தெற்கே திரும்பினார். எழுந்து ஜன்னல்வரை போய்வந்தார். கடைசியில் வாயைத் திறந்தார். "ஒத்தை வரிசைக்கு மூலை ஏது? மூலையே இல்லன்னா தோஷம் எங்க உக்காரும்? இதான் உத்தமம்."

உலகம் முழுக்க வெப்சைட்காரர்கள் அடித்துக்கொண்ட வழக்குக்குச் சித்தூரில் தீர்ப்பாகிவிட்டது. திரும்பும் பஸ்ஸில் முதலாளி, ஸ்டைல்ஷீட்தான் சாஸ்திரம் என்று தனக்கு முதலிலேயே தெரியும் என்றார். அதே மூச்சில் என் வேலையும் நிரந்தரம் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது, நிஜமாகவே.

திருப்பதியில் இறங்கியதும் நைனாவுக்கு போன் செய்தேன். வேலை நிரந்தரம் என்று கத்தினேன். சந்தோஷத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது? நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"ரொம்ப சந்தோசம் கண்ணு," என்றார். "அந்த சித்தாந்தி சித்தூர்ல எங்க கீறாரு? போனப் பாத்தே இவ்ளோ சொல்றவரு. தடா பையன் ஜாதகத்த அவராண்டயே காட்டிக்கினு வந்துடறேன்."