பரமேஸ்வரி அக்கா அடிக்கச் சொன்ன சாவு மேளம்

“தம்பி, அக்கா போயிருச்சு. தப்பு அடிக்கவா, வேணாமா?”

பரமேஸ்வரி அக்கா இறந்த செய்தி எனக்கு இப்படி ஒரு கேள்வியாகத்தான் வந்தது. தொலைபேசியில் கேட்டவர் முனியாண்டி அண்ணன். பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் சாவு வீடுகளில் தப்பு மேளம் அடிப்பவர். செத்தவருக்கு மேளம் அடிக்க அவர் ஒருநாளும் யாரிடமும் உத்தரவு கேட்டதில்லை. அன்று கேட்டதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் மண்ணுக்குள் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. அடக்கத்தன்று எங்கள் பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, “மென்மையானவர், யார் மனமும் நோகப் பேசாதவர்” என்றார். பதுளையில் எங்கள் சூழல் பாதுகாப்பு அமைப்பில் அக்கா கள உத்தியோகத்தர். நான் அறிக்கைகள் எழுதுகிறவன். அந்தக் காரியாலயத்தில் அவரோடு வேலை செய்தவர்களே, உங்களைத்தான் கேட்கிறேன். அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் நம்மில் யார்? பணிப்பாளர் வாங்கியதை நாமெல்லாம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டவர்கள்தானே. செத்தவரைப் பற்றி நல்லதைத்தான் சொல்ல வேண்டுமென்றால், இதோ சொல்கிறேன்: அவர் கோபக்காரர்.

வருடா வருடம் சுற்றாடல் தினத்துக்கு அந்தத் தோட்டத்துச் சரிவில் மரம் நடுவோம். பதாகை கட்டுவோம், பிரமுகர் வருவார், கையுறை போட்டுக்கொண்டு ஒரு மரக்கன்றை நடுவார், படம் எடுப்போம். வாகனம் போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான் என்பதால் நடுகிற இடமும் அதேதான். ஒரு வருடம் அக்கா மண்வெட்டியைப் பிரமுகரிடம் நீட்டிக்கொண்டே, “ஐயா, பார்த்து வெட்டுங்க. போன வருசம் நட்டது உள்ளுக்குள்ளதான் கெடக்கு” என்றார். பிரமுகர் சிரித்தார். பணிப்பாளர் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அக்காவுக்கு அந்த விழாவன்று வேறெங்காவது வேலை கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அந்தச் சரிவுக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு. கீழே தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளாக இரண்டு லயங்கள், மேல் லயம், கீழ் லயம் என்று. அக்கா பிறந்தது மேல் லயத்தில். ஹாலிஎலையில் குடியிருந்தாலும் அவருடைய தம்பி குடும்பம் அங்கேதான் இருந்தது. மீரியபெத்த தோட்டத்தை மண் சரிந்து மூடியதைப் பார்த்த இந்த மாகாணத்தில், மலையில் வெடிப்பு என்றால் என்னவென்று யாருக்கும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. தெரியாதது, அடைமழையில் சனத்தை எப்படி நேரத்தோடு வெளியே எடுப்பது என்பதுதான்.

அதற்காக எங்கள் அமைப்பு ஒரு சங்கு வாங்கியது. மின்சாரத்தில் அலறும் சங்கு. கரண்ட் இருக்கும் இடம் தேயிலைத் தொழிற்சாலை என்பதால் அதன் கூரையிலேயே பொருத்தினார்கள். சங்கு ஊதினால் எல்லோரும் பள்ளத்தின் அந்தப் பக்கத்தில் இருக்கும் பாடசாலைக்குப் போக வேண்டும் என்று கூட்டம் போட்டு விளக்கினோம். தலையாட்டினார்கள். ஒத்திகைக்குக் கொழும்பிலிருந்து, உதவி கொடுத்தவர்கள் வந்திருந்தார்கள். மத்தியானம் சங்கு ஊதியது. லயங்களில் சோறு தின்றுகொண்டிருந்த பெண்கள் கையைக் கழுவினார்கள், கூடையை எடுத்து மாட்டினார்கள், மலைக்கு ஏறினார்கள். நேராக வெடிப்புக்குக் கீழே. விளக்கம் தலையில் ஏறியிருந்தது, கால்தான் கேட்கவில்லை. கொழும்பு ஆள் ஒருவர், “எவ்வளவு ஒழுங்காகப் போகிறார்கள்!” என்று படம் எடுத்தார்.

அக்கா முதலில் சிரித்தார். வாகனத்தில் சாய்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மறுநாள் காரியாலயக் கூட்டத்தில் சிரிப்பு இல்லை. “சங்கு ஊதினா நம்ம சனம் வேலைக்குத்தான் போகும். பாட்டன் பூட்டன் காலத்துலருந்து அப்புடித்தான் பழக்கி வெச்சிருக்காங்க. சாகப் போறதுக்கும் சங்கு ஊதிக் கூப்பிடுறீங்களா?” என்று மேசையைத் தட்டினார். இன்னும் கொஞ்சம் விழிப்புணர்வு தேவை என்று பணிப்பாளர் சொன்னார். அந்தச் சொல்லை அக்காவுக்குக் கண்ணில் காட்டக் கூடாது. “முழிச்சிக்கிட்டுத்தான் சார் இருக்காங்க. நாமதான் தூங்குறோம்” என்று எழுந்து போய்விட்டார்.

போனது முனியாண்டி அண்ணனிடம். முற்காலத்தில் பெரட்டுக்கு, அதாவது விடியற்காலை வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, ஆட்களை எழுப்பவும் தப்புத்தான் அடிப்பார்கள். சாவுக்கு அடிப்பது வேறு அடி, அது காதில் விழுந்தால் தோட்டத்தில் சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அந்தச் சாவு அடியைப் பாடசாலையில் நின்று அடிக்கச் சொன்னார் அக்கா.

“சாவு மேளமா? எளவுன்னுல்ல நெனைப்பாங்க?” என்றார் அண்ணன்.

“நெனைக்கட்டும்ணே. எளவுக்குத்தான் நம்ம சனம் கூப்பிடாம ஓடி வரும். சத்தம் வர்ற எடத்துக்கே வரும்.”

அண்ணன் தப்பைச் சுவரில் சாய்த்து வைத்தார். பிறகு, “இந்த மேளத்துக்காக எங்கள எங்க நிக்க வெச்சாங்கன்னு ஒனக்குத் தெரியும்ல தாயி? எம்மகன் இதத் தொடக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்” என்றார்.

“தெரியும். அதனாலதான் சனத்த வெளிய எடுக்கப் போடுற கமிட்டிக்கு நீங்க தலைவரு. கூட்டத்துல நடுக் கதிரை ஒங்களுக்கு.”

சொன்னபடி செய்தார். அண்ணன் நடுக் கதிரையில் உட்கார்ந்தபோது இரண்டு பேர் எழுந்து வெளியேறினார்கள். போகிறவர்களை அக்கா தடுக்கவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை. கோயில் ஆட்களில் ஒருவர், “புள்ளைங்க படிக்கிற எடத்துல எளவு மேளமா?” என்று கேட்டார். “படிக்கிறதுக்குப் புள்ளைங்க இருக்கணும்ல?” என்றார் அக்கா. அதோடு கூட்டம் முடிந்தது.

அவர் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது என்று நினைக்காதீர்கள். முதல் தடவை மேளம் அடித்துச் சனத்தைக் கூப்பிட்டபோது ஒன்றும் விழவில்லை. மழை விட்டது, வெயில் அடித்தது, ஒரு நாள் வேலை போனதுதான் மிச்சம். பெண்கள் அக்காவைப் பிடித்து உலுக்கினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு கேட்டார். கடைசியில் மட்டும், “ஒண்ணும் விழலன்னு கோவிச்சிக்கிறீங்க. சரி. விழுந்திருந்தா சந்தோசப்பட்டிருப்பீங்களா?” என்றார். அதற்கும் திட்டினார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அடுத்த பெருமழையில், விடிந்தும் வெளிச்சம் வராத ஒரு காலையில், வெடிப்பிலிருந்து சேற்றுத் தண்ணீர் கொப்பளிக்கிறது என்று கேள்விப்பட்டு அண்ணனை மறுபடியும் அடிக்கச் சொன்னார். நானும் அவரோடு பாடசாலையில் நின்றேன். கரண்ட் இல்லை, ஆகவே தொழிற்சாலைக் கூரையில் சங்கு சும்மா நனைந்துகொண்டிருந்தது. அண்ணன் அடித்தார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, சனம் பள்ளத்தில் இறங்கி ஏறி வந்தது. போன தடவை திட்டியவர்களும் வந்தார்கள். எளவு மேளம் கேட்டு வீட்டுக்குள் இருக்க அவர்களால் முடியாது. முன்னால் ஓடி வந்த ஒரு பெண், “யாரு செத்தா? யாரு செத்தா?” என்று கதறினாள்.

“இன்னும் யாரும் சாகல. அதுக்குத்தான் கூப்பிட்டேன். உள்ள போங்க” என்றார் அக்கா.

மத்தியானத்துக்குள் மேல் லயம் இல்லை. அக்கா பிறந்த ஒற்றை அறைக் காம்பராவும் போனது. கோழிகளும் தகரங்களும் சாமிப்படங்களும் மண்ணுக்குள் போயின. மனுசர் ஒருவரும் போகவில்லை.

எங்கள் ஆண்டறிக்கையின் அட்டையில் அந்தச் சங்கின் படம் வந்தது. நவீன எச்சரிக்கைத் தொகுதி உயிர்களைக் காத்தது என்று உள்ளே எழுதியிருந்தது. நான் எழுதிக்கொடுத்ததில் முனியாண்டி அண்ணன் இருந்தார், தப்பு இருந்தது. வெளிநாட்டவர்களுக்கு விளங்காது என்று வெட்டிவிட்டார்கள். அக்கா அட்டையைப் பார்த்துவிட்டு, “இந்தச் சங்கு அன்னைக்குக் கத்தவே இல்லையேடா தம்பி” என்றார். பிறகு, “படம் போடணும்னா கீழ் லயத்தப் போட்டிருக்கலாம். இன்னும் அங்க ஆளு இருக்குன்னு தெரிஞ்சிருக்கும்” என்றார்.

ஆமாம், இன்னும் இருக்கிறார்கள். மேல் லயத்துக்காரர் பாடசாலை மைதானத்துத் தகரக் கொட்டில்களில். கீழ் லயத்துக்காரரை, மழை விட்டதும், திரும்பிப் போகச் சொல்லிவிட்டார்கள். மேலே மிச்ச மலையில் வெடிப்பு அப்படியே வாயைத் திறந்துகொண்டு நிற்கிறது. பாடசாலைக்குப் பக்கத்தில் காடு மண்டிக் கிடக்கும் சமதரையான தேயிலை நிலம் இருக்கிறது. வீடு கட்ட அதைத்தான் அக்கா கேட்டார். தோட்டத்தில் கேட்டால் அரசாங்கம் என்றார்கள், அரசாங்க அலுவலகத்தில் கேட்டால் தோட்டம் என்றார்கள். “தேயிலைக்கு எடம் இருக்கு, பறிக்கிறவளுக்கு எடம் இல்லையாம்” என்பார். ஓர் அலுவலகத்தில் மட்டும், செவ்வாய்க்கிழமை வாருங்கள் என்றார்கள். போனார். அடுத்த செவ்வாய் என்றார்கள். அதற்கும் போனார்.

அப்படி ஒரு செவ்வாய்க்கிழமைதான் அந்த அலுவலகத்தின் தாழ்வாரத்து மர வாங்கில் உட்கார்ந்தபடி இறந்துபோனார். ஐயா மீட்டிங்கில் இருந்தாராம். வாங்கில் இருந்த அம்மா தூங்குகிறார் என்று நினைத்தார்களாம். மாரடைப்பு என்று வைத்தியசாலை எழுதிக்கொடுத்தது. நான் வைத்தியன் இல்லை, ஆனால் அவரை எது கொன்றதென்று எனக்குத் தெரியும். காலையிலிருந்து அவரைப் பார்க்க நேரமில்லாத அந்த ஐயா, மறுநாள் இத்தனை பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். அதைத் தூக்கி வர இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஐயாவுக்குச் சொல்கிறேன், உங்கள் பூ எங்களுக்கு வேண்டாம்.

உடலை எடுத்து வந்தது பாடசாலை மைதானத்துக்கு, தம்பியின் கொட்டிலுக்கு. இப்போது உங்களுக்கு விளங்கியிருக்கும். அங்கே நின்று சாவு மேளம் அடித்தால் கீழ் லயத்துக்கு அது வேறு செய்தி. அன்று மழையும் தூறியது. அதனால்தான் அண்ணன் கேட்டார், அடிக்கவா வேண்டாமா என்று.

“அடிங்கண்ணே” என்றேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது கீழ் லயம் முழுவதும் பள்ளத்தில் இறங்கி ஏறி வந்துகொண்டிருந்தது. பிள்ளைகள், மூட்டைகள், அடையாள அட்டை வைத்த பொலித்தீன் பைகள், ஒருத்தி கையில் பாதி வெந்த சோற்றுப் பானை. “யாரு செத்தா? யாரு செத்தா?” என்று கேட்டுக்கொண்டே வந்தார்கள். பதில் சொல்ல வேண்டியவர் கொட்டிலுக்குள் படுத்திருந்தார். அண்ணன் மட்டும் முகத்தைத் துடைக்காமல் அடித்துக்கொண்டே இருந்தார்.

முப்பத்தோராம் நாளன்று அக்காவின் நினைவாக மரம் நடப் போவதாகப் பணிப்பாளர் அறிவித்திருக்கிறார். எந்த இடத்தில் என்று நான் கேட்கவில்லை. வாகனம் போகிற இடம் ஒன்றுதானே.

நான் அதற்கு வரப்போவதில்லை. அதற்கு முந்திய செவ்வாய்க்கிழமை கீழ் லயத்துச் சனமும் முனியாண்டி அண்ணனும் நானும் பதுளைக்கு வருகிறோம், அந்த அலுவலக வாசலுக்கு. அண்ணன் தன் மகனையும் கூட்டி வருகிறார். அக்காவைத் தெரிந்தவர்கள் வந்து நில்லுங்கள். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய கோபத்தையும் அவர் சொன்ன அந்த ஒரு பதிலையும்தான். அண்ணன் அடிக்கத் தொடங்கியதும் உள்ளேயிருந்து யாராவது வெளியே வந்து, யார் செத்தது என்று கேட்பார்கள். கேட்கட்டும்.

“எங்க அக்கா செத்துட்டாங்க. கீழ் லயத்துல இன்னும் யாரும் சாகல. அதுக்குத்தான் கூப்பிட்டோம்.”